நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன்: பதவிக்காலம், ஏஜென்ட் ஆரஞ்ச், மாற்றப்பட்ட தீர்ப்புகள் – விளக்கம் தேவை

தகவல்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் ப்ரூக்ளினில் கூட்டாட்சி நீதிபதியாக இருந்த ஜாக் பி. வைன்ஸ்டீன் பற்றித் தமிழில் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதுகிறேன். 1921 ஆகஸ்ட் 10 பிறப்பு, 1967இல் ஜனாதிபதி ஜான்சன் கையால் நியமனம், 2021 ஜூன் 15 இறப்பு. இவற்றில் சிக்கல் இல்லை. நடுவில் உள்ளவைதான் புரிபடவில்லை.

ஓரிடத்தில் பதவிக்காலம் 1967–1993 என்று இருக்கிறது. ஆனால் 2005இலும் 2008இலும் அவர் சொன்ன தீர்ப்புகள் கண்ணில் படுகின்றன. ஓய்வு பெற்றவர் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் களைக்கொல்லி வழக்கில், அங்கே போரிட்ட அமெரிக்க வீரர்களுக்கு 18 கோடி டாலர் வாங்கிக் கொடுத்தவர் என்று ஒருவர் எழுதுகிறார். அதே விவகாரத்தில் வழக்குகளைத் தள்ளுபடி செய்தவர் என்று இன்னொருவர். எது சரி? மேல்முறையீட்டில் இவருடைய தீர்ப்புகள் அடிக்கடி மாற்றப்பட்டன என்கிறார்கள், அதை எப்படி எழுதுவது? கடைசியாக, "அமெரிக்க வரலாற்றிலேயே மிக நீண்ட காலம் பணியாற்றிய நீதிபதி" என்று முதல் வரியிலேயே போடலாமா?

—

சாசனம்3 எழுதியது:

1993இல் அவர் ஓய்வு பெறவில்லை. அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி 'சீனியர்' நிலைக்கு மாறினார். அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட 27 ஆண்டுகள் வழக்கு விசாரித்தார். 2020 பிப்ரவரியில்தான் வேலையை நிறுத்தினார். ஆகவே கட்டுரையில் இரண்டு வரிகளாகப் பிரித்துப் போடுங்கள்: முழுநேர நீதிபதி 1967–1993, சீனியர் நீதிபதி 1993 முதல். மொத்தப் பணி 53 ஆண்டுகளுக்கு ஓரிரு மாதங்கள் குறைவு.

நம் ஊரில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 என்று வயது வரம்பு இருப்பதால் இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமில்லாதது. அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூன்றாவது பிரிவில் கூட்டாட்சி நீதிபதிக்கு வயது வரம்பே கிடையாது. நன்னடத்தை உள்ளவரை பதவியில் இருக்கலாம், சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. நீக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை குற்றம் சுமத்தி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழ வேண்டும். இதுவரை அப்படிக் குற்றம் சுமத்தப்பட்டவர்கள் 15 பேர், பதவி இழந்தவர்கள் 8 பேர்.

அப்படியானால் வயதானவர்களின் இடம் எப்போதுதான் காலியாகும்? அதற்குத்தான் சீனியர் நிலை. குறைந்தது 65 வயது ஆகியிருக்க வேண்டும், வயதும் பணி ஆண்டுகளும் கூட்டினால் 80 வர வேண்டும். 65 வயதென்றால் 15 ஆண்டுப் பணி, 67 என்றால் 13, 70 என்றால் 10 ஆண்டு போதும். நீதிபதி சீனியர் ஆன உடனே அவருடைய இடம் காலி. ஜனாதிபதி புதியவரை நியமிக்கலாம். பழையவரும் அதே கட்டடத்தில், அதே அதிகாரத்தோடு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். நீதிமன்றத்துக்குக் கூடுதலாக ஒரு ஆள் கிடைத்த மாதிரி.

சம்பளத்தைப் பற்றித்தான் பலர் தவறாக எழுதுகிறார்கள். வேலையை முழுவதுமாக விட்டாலும் கடைசியாக வாங்கிய சம்பளம் ஆயுள் முழுக்க வரும். சீனியராக இருந்து, ஒரு முழுநேர நீதிபதி மூன்று மாதத்தில் செய்யும் அளவு வேலையை ஆண்டுதோறும் செய்ததாகச் சான்று பெற்றால், பின்னால் வரும் சம்பள உயர்வும் சேரும். ஆகப் பண விஷயத்தில் அவர்களுக்குப் பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை. வீட்டில் இருந்தாலும் ஏறக்குறைய அதே தொகைதான். வைன்ஸ்டீன் 1986 ஆகஸ்டிலேயே 65 வயதும் 19 ஆண்டுப் பணியும் முடித்துத் தகுதி பெற்றுவிட்டார். ஆறரை ஆண்டு கழித்துத்தான் மாறினார்.

சீனியர் நீதிபதிக்கு இன்னொரு உரிமை உண்டு. வேலையின் அளவையும் வகையையும் குறைத்துக்கொள்ளலாம், சில வகை வழக்குகளை எனக்கு ஒதுக்காதீர்கள் என்று சொல்லலாம். சீனியர் ஆன மறு மாதமே, 1993 ஏப்ரலில், போதைப்பொருள் வழக்குகளை இனி ஏற்பதில்லை என்று வைன்ஸ்டீன் அறிவித்தார். மன்ஹாட்டன் நீதிமன்றத்தின் விட்மன் நாப்பும் அதே சமயத்தில் அதையே செய்தார். சட்டம் விதித்த கட்டாயத் தண்டனைகள் மிகக் கொடியவை, சிறு ஆட்களைத்தான் நசுக்குகின்றன என்பது அவர்கள் நிலைப்பாடு. மார்ச் மாதத்தையும் ஏப்ரல் மாதத்தையும் அடுத்தடுத்து எழுதினால்தான் இந்த முடிவு எப்படிச் சாத்தியமாயிற்று என்பது வாசகருக்குப் புரியும். முழுநேர நீதிபதியாக இருந்திருந்தால் குலுக்கலில் வருகிற வழக்கை எடுத்தே ஆக வேண்டும்.

—

வழக்கேடு எழுதியது:

ஏஜென்ட் ஆரஞ்ச் பற்றி நீங்கள் படித்த இரண்டுமே உண்மை. நடந்தது ஒரு வழக்கு அல்ல. கால வரிசையில் நான்கு கட்டங்கள்.

முதலில் பொருள் என்னவென்று பாருங்கள். 2,4-D, 2,4,5-T என்ற இரண்டு களைக்கொல்லிகளைச் சமபாகம் கலந்தது. பீப்பாயில் ஆரஞ்சு நிறப் பட்டை அடித்திருந்ததால் அந்தப் பெயர். இரண்டாவது வேதிப்பொருளைத் தயாரிக்கும்போது டையாக்சின் என்ற நஞ்சு கூடவே உருவானது. அதன் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் சரக்கு ஒன்றாகக் கலந்துதான் தெளிக்கப்பட்டது. ஆகவே எந்த வீரர் மேல் எந்த நிறுவனத்தின் களைக்கொல்லி பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த வீரருக்கு வந்த புற்றுநோய் களைக்கொல்லியால் வந்ததா, இல்லாமலேயே வந்திருக்குமா என்பதையும் அன்றைய மருத்துவச் சான்றை வைத்து நிரூபிக்க முடியாது. வழக்கு முழுவதும் இந்த இரண்டு முட்டுக்கட்டைகளைச் சுற்றித்தான் ஓடியது. இதை விட்டுவிட்டு எழுதினால் நீதிபதி செய்த எதுவுமே விளங்காது.

தயாரித்த நிறுவனங்கள் மீது வீரர்கள் நாடு முழுவதும் போட்ட வழக்குகள் 1979இல் ப்ரூக்ளின் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. முதலில் பார்த்தவர் நீதிபதி ஜார்ஜ் பிராட். அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்ந்த பிறகு, 1983 அக்டோபரில் இது வைன்ஸ்டீனிடம் வந்தது. வந்த உடனே அவர் விசாரணைத் தேதியை 1984 மே 7 என்று குறித்து, அதை அசைக்க மறுத்தார். பாதிக்கப்பட்ட அனைவரும் ஒரே தரப்பு என்று கூட்டு வழக்காக அங்கீகரித்தார். சமரசம் பேச ஸ்பெஷல் மாஸ்டர்களை, அதாவது நீதிபதிக்கு உதவும் சிறப்பு அலுவலர்களை, நியமித்தார். அவர்களில் ஒருவர் கென்னத் ஃபைன்பர்க், பிற்காலத்தில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் இழப்பீட்டு நிதியை நடத்தியவர். ஜூரி தேர்வுக்கு முந்தைய வார இறுதியில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் நீதிமன்றத்திலேயே கிடந்தார்கள். மே 7 விடியுமுன் ஏழு நிறுவனங்கள் 18 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டன. அன்றிலிருந்தே அந்தப் பணத்துக்கு வட்டி ஓடத் தொடங்கியது.

இரண்டாவது கட்டம்: சமரசம் வேண்டாம், தனியாக வழக்காடுகிறோம் என்று விலகிக்கொண்ட வீரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வழக்குகளை 1985இல் ஜூரியிடம் போகவிடாமலே தள்ளுபடி செய்தார். காரணம், மேலே சொன்ன அதே நிரூபணச் சிக்கல். அதாவது 1984இல் அவர் சமரசத்துக்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்ததற்கான காரணம் 1985இல் வெளியே வந்தது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சமரசத்தையும் உறுதிசெய்தது, தள்ளுபடியையும் உறுதிசெய்தது. நிதியில் ஒரு பங்கை எப்படி நிர்வகிப்பது, வழக்கறிஞர்கள் தங்களுக்குள் கட்டணத்தைப் பங்கிடச் செய்திருந்த ஏற்பாடு ஆகியவற்றில் மட்டும் கை வைத்தது.

பணம் எப்படிப் போனது என்பதற்கு நம்பகமான எண்கள் உண்டு, கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். வழங்கும் பணி 1988 முதல் 1994 வரை நடந்தது. வந்த மனுக்கள் 1,05,000. பணம் பெற்ற வீரர்கள் அல்லது அவர்களின் குடும்பங்கள் சுமார் 52,000. மொத்தம் 19.7 கோடி டாலர், ஆளுக்குச் சராசரியாக 3,800 டாலர். இது போக 7.4 கோடி டாலர் 83 சமூக சேவை அமைப்புகளுக்கு. வட்டியால்தான் மொத்தம் 18 கோடியைத் தாண்டுகிறது. இரண்டு எண்களும் முரண்படுகின்றன என்று யாராவது உங்கள் கட்டுரையைத் திருத்த வந்தால் இதைச் சொல்லுங்கள். நோய் களைக்கொல்லியால்தான் வந்தது என்று மனுதாரர் நிரூபிக்கத் தேவையில்லை என்று வைத்ததால்தான் இத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, அதனால்தான் ஆளுக்குக் கிடைத்தது இவ்வளவு குறைவு. மகிழ்ச்சியில்லாத வீரர்கள் ஏராளம், அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு ஜூரிக்குப் போய் மேல்முறையீட்டில் ஒரு காசும் இல்லாமல் முடிந்திருக்கும் வாய்ப்பே அதிகம்.

மூன்றாவது கட்டம்: நிதி 1994 வரை வெளிப்பட்ட நோய்களுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு நோயுற்றவர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள். பழைய சமரசம் உங்களையும் கட்டுப்படுத்தும் என்று வைன்ஸ்டீன் தள்ளிவிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2003இல் உச்ச நீதிமன்றம் 4–4 என்று சமமாகப் பிரிந்ததால் அந்த முடிவு நின்றது. வழக்கு திரும்பி வந்ததும், அரசு சொன்ன அளவுகோலின்படி தயாரித்துக் கொடுத்த ஒப்பந்ததாரர் பொறுப்பாக மாட்டார் என்ற அடிப்படையில் 2004இல் மறுபடி தள்ளுபடி. இம்முறை மேல்முறையீட்டில் நின்றது, 2008இல்.

நான்காவது, வியட்நாம் நாட்டவர் தொடுத்தது. 2004இல் பதிவாகி 2005 மார்ச் 10 அன்று 233 பக்கத் தீர்ப்பில் தள்ளுபடியானது. அந்தக் காலச் சர்வதேசச் சட்டப்படி களைக்கொல்லி தெளித்தது தடைசெய்யப்பட்ட செயல் அல்ல என்பது முடிவு. ஆனால் சர்வதேசச் சட்ட மீறல் என்ற குற்றச்சாட்டுக்கு "அரசு சொன்னதைச் செய்தோம்" என்ற வாதம் கேடயம் ஆகாது என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். பெரும்பாலான சுருக்கங்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன.

62 வயதில் கையில் எடுத்த விவகாரத்துக்கு 83 வயதிலும் அவரே தீர்ப்பு எழுதுகிறார். ஆயுள்காலப் பதவி என்றால் நடைமுறையில் இதுதான்.

—

தகவல்தேடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நான்கு கட்டங்களாகவே பிரித்து எழுதிவிடுகிறேன். மேல்முறையீட்டில் மாற்றப்பட்ட தீர்ப்புகளுக்குத் தனித் தலைப்புக் கொடுக்கலாமா? கொடுத்தால் அவரைக் குறைத்துச் சொன்னது போல ஆகிவிடுமோ?

—

மறுசீராய்வு எழுதியது:

தனித் தலைப்புக் கொடுங்கள். மறைத்தால்தான் அவரைக் குறைத்ததாக ஆகும். மேல்நீதிமன்றம் ஏற்குமா என்று தயங்கி எழுதிய நீதிபதி அல்ல அவர். ஆனால் "பலமுறை" என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு எழுதுங்கள்.

துப்பாக்கி: 1999இல் அவர் நடத்திய விசாரணையில், விற்பனையில் கவனக்குறைவு காட்டியதாகச் சில தயாரிப்பாளர்களை ஜூரி பொறுப்பாக்கியது. இது நியூயார்க் மாநிலச் சட்டக் கேள்வி என்பதால் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. அப்படி ஒரு கடமை தயாரிப்பாளருக்கு இல்லை என்று 2001இல் பதில் வந்தது. தீர்ப்பு விழுந்தது.

சிகரெட்: 'லைட்ஸ்' வகையைக் குறைந்த தீங்கு என்று நம்பி வாங்கியவர்கள் அனைவரையும் 2006இல் ஒரே கூட்டு வழக்காக அங்கீகரித்தார். ஒவ்வொருவரும் எதை நம்பி வாங்கினார் என்பது தனித்தனிக் கேள்வி, ஒன்றாகப் பார்க்க முடியாது என்று 2008இல் மாற்றினார்கள்.

மாஃபியா கும்பலுக்காகக் கொலை செய்த இரண்டு முன்னாள் நியூயார்க் போலீஸ் துப்பறிவாளர்கள்: 2006இல் ஜூரி குற்றவாளிகள் என்றது. குற்றம் செய்தார்கள் என்பதில் வைன்ஸ்டீனுக்கும் ஐயம் இல்லை. ஆனால் சதிக் குற்றத்துக்கான ஐந்தாண்டுக் கால வரம்பு தாண்டிவிட்டது என்று தீர்ப்பை ரத்து செய்தார். 2008இல் மேல்முறையீட்டில் ஜூரி தீர்ப்பு உயிர்பெற்றது. வழக்கு அவரிடமே திரும்பியது, 2009இல் ஆயுள் தண்டனை விதித்ததும் அவர்தான். "மாஃபியா போலீஸை விடுவித்த நீதிபதி" என்று பாதிக் கதையோடு நிறுத்தும் கட்டுரைகள் உண்டு, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

சிறாரை வதைக்கும் ஆபாசப் படங்கள் வைத்திருந்தவர் வழக்கு ஒன்றில், கட்டாயத் தண்டனை எவ்வளவு என்று ஜூரிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று 2008இல் மறுவிசாரணை உத்தரவிட்டார். அதுவும் மேலே நிற்கவில்லை.

நின்றவையும் உண்டு. பல ஆண்டுகள் குளியல் அங்கியோடு கிரீன்விச் வில்லேஜ் தெருவில் அலைந்து மனநோயாளி போல நடித்த ஜெனோவீஸ் கும்பல் தலைவர் வின்சென்ட் ஜிகான்டேக்கு 1997இல் 12 ஆண்டுச் சிறையும் 12.5 லட்சம் டாலர் அபராதமும் விதித்தவர் இவர். நடிப்புதான் என்று 2003இல் ஜிகான்டேயே ஒப்புக்கொண்டார்.

தண்டனை சொல்லும் நாளில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். மேடையில் உட்கார மாட்டார். கறுப்பு அங்கி இல்லாமல் சாதாரண கோட்டு சூட்டில் கீழே இறங்கி, குற்றவாளியும் குடும்பத்தாரும் வழக்கறிஞர்களும் இருக்கும் மேசையில் எதிரே அமர்ந்து பேசுவார். அந்த அமர்வை வீடியோவில் பதியச் சொல்வார், மேல்முறையீட்டு நீதிபதிகள் வெறும் தட்டச்சுப் பிரதியைப் படிக்காமல் அந்த ஆளின் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பதற்காக. கூட்டாட்சி நீதிபதிகளுக்கான தண்டனைக் கையேடு 1987 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது எண் அட்டவணைதான் தண்டனையைத் தீர்மானித்தது. 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமில்லை, வழிகாட்டி மட்டுமே என்றாக்கியது. மேசையில் அமர்ந்து ஆளைக் கேட்கும் அவர் முறைக்கு அதற்குப் பிறகுதான் சட்டத்தில் உண்மையான இடம் கிடைத்தது.

—

கூட்டல்கழித்தல் எழுதியது:

"மிக நீண்ட காலம் பணியாற்றிய நீதிபதி" என்று முதல் வரியில் போடலாமா என்ற கேள்விக்கு: போடாதீர்கள், தவறு. மொத்தப் பணிக்காலத்தில் முதலிடம் ஜோசப் வுட்ரோவுக்கு. 1916இல் வில்சன் நெப்ராஸ்காவில் நியமித்தார், 1933இல் ரூஸ்வெல்ட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார், 1961இல் சீனியர், 1977இல் இறப்பு. 61 ஆண்டுகள். சீனியர் காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் முழுநேரப் பணி மட்டும் என்றால் வட கரோலினாவின் ஹென்றி பாட்டர், 1802 முதல் 1857 வரை. அதிக வயதில் வழக்குப் பார்த்தவர் என்றால் கான்சாஸ் மாநில விச்சிட்டாவின் வெஸ்லி பிரவுன். 1907இல் பிறந்து, 1962இல் கென்னடியால் நியமிக்கப்பட்டு, 2012 ஜனவரியில் 104 வயதில் இறக்கும்வரை நீதிபதி. மூன்று பட்டங்களும் மூன்று பேருக்கு. வைன்ஸ்டீனுக்கு "மிக நீண்ட காலம் பணியாற்றியவர்களில் ஒருவர்" போதும். அவர் பிறந்ததும் அதே விச்சிட்டாதான், வளர்ந்தது ப்ரூக்ளின்.

நியமனத்துக்கு முந்தைய பகுதியில் விடுபடக் கூடாதவை: பசிபிக்கில் ஜலாவ் நீர்மூழ்கிக் கப்பலில் கடற்படை அதிகாரி. 1948இல் கொலம்பியா சட்டப் படிப்பு. நியூயார்க் மாநில நீதிபதி ஸ்டான்லி ஃபுல்டிடம் சட்ட எழுத்தர். 1952 முதல் கொலம்பியாவில் பேராசிரியர். பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் குழுவுக்கு உதவி. 1963 முதல் நாசாவ் மாவட்ட அரசு வழக்கறிஞர். நீதிபதி பதவிக்குப் பரிந்துரைத்தவர் அப்போதைய நியூயார்க் செனட்டர் ராபர்ட் கென்னடி. பெயர் முன்மொழிவு 1967 ஜனவரி, செனட் ஒப்புதல் ஏப்ரல். இந்த இரண்டு தேதிகளில் முதலாவதை நியமனத் தேதி என்று போட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. பணிக்காலம் ஏப்ரலிலிருந்துதான். 1980 முதல் 1988 வரை அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. ப்ரூக்ளினின் கோனி ஐலண்டில் மார்க் ட்வைன் நடுநிலைப் பள்ளி. வெள்ளையர் பிள்ளைகள் குறைந்து, பள்ளி இன அடிப்படையில் பிரிந்துபோனதால் 1974இல் அதைச் சரிசெய்ய உத்தரவிட்டார். பள்ளியோடு நிற்காமல் சுற்றுப்புற வீட்டுவசதியையும் கணக்கில் எடுக்கச் சொன்னார். அது திறமையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியாக மாறியது, இன விகிதம் வைத்துச் சேர்க்கை நடந்தது. முப்பது ஆண்டுகளில் அந்தப் பகுதியின் மக்கள்தொகையே மாறிவிட்டது. விகிதம் மட்டும் மாறவில்லை. வெள்ளையர் அல்லாத பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டிய நிலை வந்தது. ஓர் இந்திய வம்சாவளிக் குடும்பம் தங்கள் மகளுக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து 2008 ஜனவரியில் வழக்குப் போட்டது. அடுத்த மாதமே உத்தரவை நீக்கினார்கள். நீக்கியவரும் வைன்ஸ்டீன்தான், 86 வயதில், 34 ஆண்டுகளுக்கு முன் தானே போட்ட உத்தரவை. 1974, 2008 இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். ஆண்டு வாரியாகப் பிரித்தால் இரண்டு சின்னச் செய்திகளாகச் சிதறிவிடும்.